மகளைப் பற்றிக் கேட்கப் போன வீடு

குழந்தைகளின் கவனக்குறைவுக் கோளாறு பற்றிய ஓர் ஆய்வுக்காகப் பெற்றோர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தேன். கீரமங்கலத்தில் ஒரு வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பற்றிக் கேட்கவேண்டியிருந்தது. சிங்கப்பூரில் வேலையை இழந்து திரும்பியிருந்த அப்பா எதிரே உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வேலையை ஆரம்பிச்சுட்டுப் பாதியில விட்டுடுறாளா?"

"ஆமாங்க."

"பொருளை எங்கயாவது வச்சுட்டு அடிக்கடி தேடுவாளா?"

மனைவி சிரித்துவிட்டார். "மேடம், நீங்க மகளைப் பத்திக் கேக்குறீங்களா, இவுகளப் பத்தியா?"

நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "பெரியவங்களுக்கும் இது இருக்குமாங்க?" என்று கேட்டார்.

இருக்கலாம், ஆனால் மருத்துவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும் என்றேன். மெஷினை அணைக்க மறந்து மறந்துதான் அவருக்கு வேலை போனதாம்.

"சோம்பேறின்னு சூப்பர்வைசர் திட்டுவாரு. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்."

பூக் கட்டிய கை நின்றுவிட்டது. "நீங்க வேணும்னே செய்யிறீங்கன்னு நான் நெனச்சேங்க," என்றார் மனைவி மெதுவாக.

எங்கள் ஆய்வில் பெரியவர்களுக்கு இடமில்லை. இருந்தாலும், மகளை மனநல மருத்துவரிடம் கூட்டிவரச் சொன்ன நாளிலேயே அவரையும் காட்டிக்கொள்ளச் சொன்னேன். மூவரும் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். மருத்துவர் நிதானமாகப் பேசிப் பார்த்துவிட்டு, இருவருக்கும் இருக்கிறது என்றார்.

வெளியே வந்ததும் அப்பா மகளிடம், "ஒனக்கு மட்டும் இல்லத்தா, அப்பாவுக்கும்தான்" என்றார்.

"அப்ப ஏன் என்னைய மட்டும் திட்டுனீங்க?"

அவர் அவள் தலையைத் தடவினார். "ரெண்டு பேரும் வாங்க, சாப்பிடப் போவோம்," என்றார் மனைவி.