பல்லால் கேட்ட கிட்டார்

என் அக்கா புருஷனுக்கு நான் வைத்த பட்டப்பெயர் ‘என்னது’. எதைச் சொன்னாலும் “என்னது?” என்று திருப்பிக் கேட்பார். லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறை இரைச்சலிலேயே காலம் தள்ளியவருக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கருவி வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்காவும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அத்தானும் மகளும் மட்டும்தான். நம் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்.

வேலையை மட்டும் விடவில்லை. திருப்புளியின் முனையை ஓடும் மோட்டார்மேல் ஊன்றி, பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார். பேரிங் தேய்ந்திருந்தால், பல்வழியாக ஏறும் அதிர்வை வைத்துத் தாடை சொல்லிவிடும். அந்தப் புத்திதான் கிட்டார் பக்கமும் போனது.

“பழைய ஆர்ச்டாப் கிட்டார் வேணும். மேல்பலகை மேடா இருக்கும். நடுவுல ஓட்டை இருக்காது, ரெண்டு பக்கமும் நீளமா வளைஞ்ச ஓட்டை இருக்கும். கரண்டே இல்லாம ஒரு கூட்டத்தையே எழுப்பும். அந்தச் சத்தமாவது எனக்குக் கேக்கும்” என்று ஒற்றைக்காலில் நின்றார். சின்ன வயதில் வாசித்தவராம். இந்த வயதில் இது தேவையா என்று நான் கத்தினேன். “விடுங்க சித்தி, அப்பா ஆசைப்படறாரு” என்றாள் மகள்.

மூன்று பேரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியாக ஒரு பழைய வாத்தியக் கடை. அத்தான் ஒரு கிட்டாரை மடியில் வைத்தார், குனிந்தார், அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு தந்தியைத் தட்டினார். கடைக்காரர் பதறிப்போனார்.

“ஐயையோ, கடிக்காதீங்க சார்!”

“கடிச்சுத் தின்னவா போறாரு? சும்மா இருங்க” என்று அடக்கினேன். உள்ளுக்குள் மானம் போயிற்று.

ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் ஒன்று மிஞ்சியது, பழுப்பு நிறம், ஓரமெல்லாம் கீறல். தடித்த தந்தியைத் தட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். தாயீ, கிடைத்துவிட்டதே என்று எனக்கே சந்தோஷமாகிவிட்டது.

மகளைக் கிட்டே கூப்பிட்டார். “இந்த ஓட்டைல வாய வச்சு ஏதாவது சொல்லும்மா. உன் குரல் கேக்குதான்னு பாக்கணும்.”

இத்தனை கடை அலைந்தது இதற்கா, பாவி மனுஷா.

அவர் மறுபடி கண்ணை மூடி விளிம்பைக் கவ்விக்கொண்டார். அவள் முழங்காலிட்டு, வளைந்த ஓட்டையில் உதட்டை வைத்தாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அம்மா போனதுலேர்ந்து வீட்ல யார்கிட்ட பேசறதுன்னே எனக்குத் தெரியல.”

அத்தான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

“அப்பான்னுதானே கூப்பிட்டே?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவருக்கு முன்னால் வந்து நின்று, வாய் தெரிகிற மாதிரி நிறுத்திச் சொன்னாள்.

“ஆமாப்பா. அப்பான்னுதான்.”

அவர் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வீடு வரைக்கும் அவரேதான் பேசிக்கொண்டு வந்தார்.