மூன்றாவது பிடி இலை

எங்கள் வீட்டில் மூன்று மாதம் சர்வாதிகார ஆட்சி நடந்தது என்று என் கணவர் இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆட்சி நடத்தியவள் நான்தான். நான் அதை மறுக்கவில்லை. வீடு உருப்பட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கண்டிப்பாக இருக்கத்தானே வேண்டும்?

தொடங்கியது அவருடைய சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில். துறைமுகத்தில் மின்சாரத் திருத்த வேலை செய்கிற மனிதர், மத்தியானத்துக்குள் நாலு பால் தேநீரும் இரண்டு ரோல்ஸும் உள்ளே தள்ளிவிட்டு, "எனக்கு ஒண்டுமில்லை, வேர்வையில எல்லாம் போயிடும்" என்று கதை விடுவார். சோதித்துப் பார்த்தால் சீனி ஏறிப்போயிருந்தது. கடையில் பால்மாவின் விலையும் ஏறிப்போயிருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் இறக்கிக் காட்டுகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பால்மா, பிஸ்கட், சோடா எல்லாம் நாடு கடத்தப்பட்டன. விலை கூடிய அறக்குளா வாங்கிய கையால் மலிவான சின்னச் சூடை மீன் வாங்கினேன். பாத்திரம் கழுவச் சாம்பலும் தேசிக்காய்த் தோலும் வந்தன. தலைக்குச் செவ்வரத்தை இலை அரைத்துப் பூச வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அதைப் பூசி முழுகிவிட்டுப் பள்ளிக்கூடம் போன முதல் நாளே, உயர்தரம் படிக்கிற மகள் முறைப்பாட்டோடு திரும்பி வந்தாள். எங்கள் நகரத்தில் மாடுகளைப் போல மான்களும் தெருவில் திரியும்.

"அம்மா, பஸ் ஸ்டாண்டடியில ஒரு மான் என்ர பின்னலை மோந்துகொண்டு பின்னாலயே வந்தது. எல்லாரும் பாத்துச் சிரிச்சவை."

"மானுக்கே பிடிச்சிருக்கெண்டா நல்ல சாமான்தானே" என்று வழக்கைத் தள்ளுபடி செய்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே இலைக்கஞ்சி. குசினிக்குப் பின்னால் உடைந்த பேசின்களில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வைத்திருந்தேன். வேலியில் குறிஞ்சாக் கொடி படர்ந்து கிடந்தது. சீனிக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வதால் அதைக் கொஞ்சம் தாராளமாகவே சேர்ப்பேன். ஒருவருக்கென்று தனியாகக் காய்ச்சி விறகை வீணாக்குவானேன்? ஒரே பானை, எல்லாருக்கும் ஒரே கஞ்சி. ஆளுக்கு ஒரு பிடி என்று மூன்று பிடி இலை பறித்து, கழுவி, இடித்துச் சாறு பிழிவேன். சிரட்டை நெருப்பில் சிவப்பரிசிக் குறுநல் வெந்து குழைந்ததும் தேங்காய்ப்பாலை விட்டு, கடைசியாகச் சாற்றை ஊற்றி, பச்சை நிறம் மாறுமுன் இறக்கிவிட வேண்டும். உப்பு என் கைக்குத் தெரியும். சமைக்கும்போது ருசி பார்க்கிற பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுவையில் குடிப்பார். மகளுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி கிடைக்கும். அவருக்கு அது தடை. அதனால் குடித்து முடித்தபின் அவளுடைய பனங்கட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பேன்.

"நல்லா இருக்கு" என்று இரண்டு பேரும் தினமும் சொல்வார்கள். நானும் பூரித்துப்போவேன்.

மூன்று பிடி பறித்தேன் என்றேனே, பானைக்குள் போனது இரண்டு பிடிதான். மூன்றாவதற்கு வேலிப் படலையடியில் ஆள் நிற்கும். எங்கள் நகரத்து மான்களுக்குக் காடு தெரியாது, கடைத்தெருதான் தெரியும். அவற்றில் ஒன்று, வயிறு தள்ளிய பிள்ளைத்தாய்ச்சி, விடிந்ததும் எங்கள் படலைக்கு வந்துவிடும். முதலில் தண்டுகளைத்தான் போட்டேன். அது தின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வையில் தளிர் இலைகளும் போகத் தொடங்கின. பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

"அப்ப உங்களுக்கு?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"எனக்குக் காலமையில ஒண்டும் இறங்காது" என்றேன். அவருக்கு மறுத்த சீனி போத்தலில் கிடந்து பழுதாகக் கூடாதல்லவா? அதை வெறுந்தேநீரில் போட்டு, அடுப்படியில் நின்றபடியே குடித்துவிடுவேன். அதையும் சிக்கனத்தில்தான் சேர்த்திருந்தேன்.

ஒரு மாதம் போனதும் பால்மாவும் பிஸ்கட்டும் கேட்டுக் குடிமக்கள் கலகம் செய்தார்கள். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். சனசமூக நிலையத்தில் இலவச மருத்துவ முகாம் வைக்கப்போகிறார்கள் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அன்று வீட்டில் எல்லாரும் இரத்தம் சோதிப்பது. எல்லாருடையதும் நன்றாக இருந்தால் என் ஆட்சி தொடரும். ஒருவருடையது பிழையாக வந்தாலும் கஞ்சி நிறுத்தப்பட்டு, பால்மாவும் பிஸ்கட்டும் நாடு திரும்பும்.

அந்த இரண்டு மாதமும் அவருடைய சீனியையும் மகளின் முகத்தையும் கவனித்தேனே தவிர வேறெதையும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயில் மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும்ப வேண்டியிருந்தது. செருப்புக் கடிக்கிறது என்றேன். உடுப்பு அலசிவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டியது. வெயில் என்றேன். என் ஆட்சியில் எனக்கே வருத்தம் வருமா என்ன?

முகாமன்று வெறும் மூன்று பேராகப் போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் என் பேச்சைக் கேட்டு இலைக்கஞ்சிக்கு மாறிய பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். வெற்றியைப் பார்க்க ஆள் வேண்டுமே.

அவருடைய சீனி நன்றாக இறங்கியிருந்தது. மகளின் இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு விரலை நீட்டினேன். தாதி முடிவைப் பார்த்தார், என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு இரத்தம் நல்லாக் குறைஞ்சிருக்கு அம்மா. ஏறி இறங்கக் களைக்கிறதில்லையா?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"டொக்டர் குளிசை தருவார். சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்க வேணாம். சின்ன மீன் சாப்பிடுங்க, இலைக்கஞ்சி குடிங்க. காய்ச்சத் தெரியும்தானே?"

பக்கத்து வீட்டு அக்கா பொறுக்கமாட்டாமல், "இவவோ? இவ சொல்லித்தானே நாங்களே காய்ச்சுறம்!" என்றாள். என் கணவர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்ததும் அவர் விசாரணையைத் தொடங்கினார்.

"மூண்டு பிடி பறிக்கிறீர். எனக்கொண்டு, பிள்ளைக்கொண்டு. மற்றது எங்க போகுது?"

நான் படலையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அந்த மான், உடம்பெல்லாம் மினுங்க, எங்கள் வேலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"அதைக் கூட்டிக்கொண்டு போயிருந்தா முதலாம் பரிசு எங்களுக்குத்தான்" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள். பிறகு அவர் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார். "கோயில் மேட்டில நீர் இருந்து இருந்து வந்தனீர். நான் அந்தச் செருப்புக் கதையை நம்பினனான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. யாரும் என் பங்கைப் பறிக்கவில்லை. எதைக் குறைக்கலாம் என்று யோசித்தபோதெல்லாம் நானேதான் முதலில் என் பங்கைக் குறைத்திருக்கிறேன். அதைக் குறைத்தேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் சுகம் பார்த்துவிட்டு மூன்று பேர் என்று பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப கஞ்சி நிக்குதோ?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள். உடன்படிக்கைப்படி நான் தோற்றவள்.

"கஞ்சி நிக்காது" என்றார் அவர். "ஆட்சிதான் மாறுது."

மறுநாள் குசினிக்குள் என்னை விடவில்லை. பானை உருளும் சத்தமும், அவர் இருமும் சத்தமும், சிரட்டைப் புகையும் மட்டும்தான் வெளியே வந்தன. மானுக்கு முட்டைக்கோவாவின் வெளி இலைகளை மகள் கொண்டுபோய்ப் போட்டாள். மூன்று பிடியும் பானைக்குள் போயின. நான் காய்ச்சுகிறபடியே, குறிஞ்சாவைத் தாராளமாகப் போட்டு, ஒன்றும் விடாமல் செய்திருந்தார். முதல் கப்பை நிறைய ஊற்றி என் கையில் தந்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றார்.

ஒரு வாய் குடித்தேன். கசப்பு நாக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, காது வரைக்கும் போனது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்தக் கஞ்சியை ஒரு வாய்கூடக் குடித்துப் பார்க்காமல் மூன்று மாதமாக இவர்களுக்கு ஊற்றியிருக்கிறேன். கசக்கிறது என்று ஒரு நாள்கூட இவர்கள் சொல்லவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தை ஒரே இழுவையில் குடித்து முடித்தேன்.

"எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

மகள் தன் பனங்கட்டியை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை என் கையில் வைத்தாள்.