துரைசாணியம்மாவிடம் இங்கிலீஷில் உத்தரவு கேட்டோம்

ஏற்காட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டாலே போதும், ஊர் உலகத்துத் தலைவலியெல்லாம் நம் வாசலில் வந்து நிற்கும். போன மழைக்காலத்தில் லண்டனிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு இங்கே காப்பித் தோட்டம் இருந்ததாம். அந்த ஆளின் வம்சம் முழுக்க, அவர் வளர்த்த குதிரை வரைக்கும், இவருக்குத் தெரிகிறது. அவருடைய மனைவியின் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை. சாவதற்குள் அதைத் தெரிந்துகொண்டால் போதும் என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை எடுத்தேன்.

அவர் சொன்ன தோட்டம் கொட்டச்சேடு பக்கம் இருக்கிறது. அதற்குள் ஒரு துரைசாணியம்மா கோயில். கோயில் என்றால், அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை மனைவியின் கல்லறைதான். தோட்டத்து ஆட்கள் கும்பிட ஆரம்பித்து, பன்னும் வரக்காப்பியும் படைத்து, மஞ்சளும் எண்ணெயும் அப்பி அப்பி, கல்லில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

கழுவிப் பார்க்கலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். அம்மா உத்தரவு தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு ஆட்டைப் பிடித்துவந்தார். தீர்த்தம் தெளித்ததும் ஆடு உடம்பைச் சிலுப்பி உதறினால் சம்மதம் என்று அர்த்தம். தெளித்தார். பனிமூட்டத்தில் நாங்கள் மூவரும் வெடவெடவென்று நடுங்குகிறோம், அந்த ஆடு மட்டும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கிறது. ஒரு குடம் தண்ணீர் தீர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே அதைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "ஏனுங்க, அம்மாவுக்குத் தமிழ் அவ்வளவா வராதுங்க. இவங்களையே இங்கிலீசுல கேக்கச் சொல்லுங்க."

லண்டன் அம்மாள் கைகூப்பி, "ப்ளீஸ்" என்று ஆரம்பித்து என்னவோ கேட்டார். ஆடு சடசடவென்று உதறியதில் என் புடவையெல்லாம் தண்ணீர்.

வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தோம். எழுத்து வந்தது. கொட்டை எழுத்தில் புருஷனான அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவன் அப்பன் பெயர், அவன் தோட்டத்தின் பெயர். கடைசியில், அவருடைய அருமை மனைவி இங்கே துயில்கிறாள் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அடப்பாவி, செத்தவள் யார் என்று எழுத மட்டும் உனக்குக் கல்லில் இடமில்லையா! லண்டன் அம்மாள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன எழுதியிருக்கிறது என்று பூசாரி கேட்டார். புருஷன் பெயரை வாசித்துக் காட்டினேன்.

"அது யாருங்க? நாங்க கேள்விப்பட்டதே இல்லீங்களே."

அதை அந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மஞ்சள் பூசாமல் கல்லை அப்படியே விட்டுப் போகக் கூடாது என்றார் பூசாரி. லண்டன் அம்மாளே கிண்ணத்தை வாங்கிக் குழைத்து, முதல் கை மஞ்சளை அந்தப் புருஷன் பெயர் மேலேயே அப்பினார்.