கேபிள் எட்டாத கும்பிடு

திருவண்ணாமலைக்குப் பைக்கிலேயே கூட்டிப்போவதாக என் வீட்டுக்காரர் சொல்லி மூன்று பௌர்ணமி போய்விட்டது. குனிந்து ஓட்டினால் முதுகு பிடிக்கிறதாம். உயரமான ஹேண்டில்பார் மாட்டினால்தான் கிளம்புவாராம்.

இன்று விருத்தாசலத்தில் ஒரு கடைக்குப் போனோம். மெக்கானிக் ஒன்றை எடுத்து வண்டிமேல் வைத்துக் காட்டினார்.

“பத்தாது தம்பி, இன்னும் உசரமா எடு” என்றார் இவர்.

அடுத்ததை இவரே பிடித்துப் பார்த்தார். இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டன.

“ஏங்க, பழமலைநாதர் சன்னதியில நெஞ்சுக்கு மேல ஏறாத கையி, இங்க அரோகரா போடுது பாருங்க!” என்றேன்.

மெக்கானிக் சிரித்துவிட்டார். “இவ்ளோ உசரத்துக்கு கிளட்ச் கேபிள் எட்டாது சார். தோள் உசரமே போதும்.”

அதையே மாட்டியாயிற்று. முதுகும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டது. வருகிற பௌர்ணமிக்குப் பயணம்.

அண்ணாமலையார் முன்னால் கையைத் தூக்கச் சொன்னால், “கேபிள் எட்டலடி” என்பார், பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்காவது எட்டுகிறதா?