சிவக்காத கட்டம்

தம்பானூரில் ஒரு சிறுநீரக டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தேன். மாதாமாதம் நோயாளிகளின் பொட்டாசியம் அளவை எக்செல் ஷீட்டில் ஏற்றுவது என் வேலை. அளவு ஐந்தரையைத் தாண்டினால் அந்தக் கட்டம் தானாகச் சிவக்கும். சிவந்தவர்களை டாக்டர் அன்றைக்கே பார்ப்பார். மற்றவர்கள் பழைய மாத்திரையைத் தொடரலாம். பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று நான் சேர்ந்த அன்றே டாக்டர் எச்சரித்திருந்தார்.

அன்று காலை, போன மாத நெடுவரிசையை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டி, லேப் அனுப்பிய புது எண்களை அதில் மடமடவென்று அடித்தேன். முதலில் வந்தவர் சாலை பஜாரில் வத்தல் மிளகாய்க் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. பொட்டாசியம் நிறைந்த இளநீர் என்றால் பைத்தியம். போன மாதம்தான் அவருக்கு அளவு இறங்கியிருந்தது. இந்த மாதமும் சிவக்காவிட்டால் ஒரு இளநீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“மோளே, சிவப்பு உண்டா?”

“இல்ல அண்ணாச்சி. தைரியமா போங்க.”

எண்ணை நான் பார்க்கவே இல்லை. நிறம் இருக்கும்போது எண் எதற்கு?

அடுத்து வந்த டீச்சரின் கட்டம் சிவந்திருந்தது. அவர் லேப் தாளை என் மூக்கருகே நீட்டினார். “நாலரைதானே இருக்கு? பின்ன எதுக்காக்கும் சிவப்பு?”

“சிவப்புன்னா சிவப்புதான் டீச்சர்” என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிறகுதான் திரையைப் பார்த்தேன். நாலரைதான்.

நிறத்துக்கான ஃபார்முலாவைத் திறந்தேன். நெடுவரிசை எழுத்துக்கு முன்னால் ஒரு டாலர் குறி. அது இருந்தால் எங்கே கொண்டுபோய் ஒட்டினாலும் ஃபார்முலா பழைய நெடுவரிசையைத்தான் பார்க்கும். போன மாதத்து நிறத்தை இந்த மாதத்து எண்களுக்குப் பூசி வைத்திருந்தேன். டாலரை அழித்தேன். டீச்சர் வெளுத்தார். அண்ணாச்சி சிவந்தார். ஆறு புள்ளி நான்கு.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. டாக்டரிடம் ஒரு வரி சொல்லிவிட்டு ஓடினேன். அண்ணாச்சி எப்போதும் நடந்துதான் கடைக்குப் போவார். பாதி வழியில் செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன். சாகக் கூடாது, சாகக் கூடாது என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

பழவங்காடியில் இளநீர் வண்டியருகே நின்றிருந்தார். ஒன்று காலி. இரண்டாவதைச் சீவிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அவர் மணிக்கட்டை நான் விடவில்லை. ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, மாலைவரை படுக்க வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

“என்னதான் ஆச்சு மோளே?” என்று படுத்தபடியே கேட்டார்.

“கம்ப்யூட்டர் தப்பாக் காட்டிடுச்சு அண்ணாச்சி.”

“அது மெஷின்தானே, அதுக்கு என்ன தெரியும்? நீ ஓடி வந்ததுனால நான் இருக்கேன்” என்று என் தலையில் கை வைத்தார்.

அந்தக் கையைத் தட்டிவிட எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அவர் கடையில் எல்லோரிடமும் சொல்கிறார், தன் உயிரைக் காப்பாற்றியவள் நான் என்று.