கார்த்தியின் தட்டில் ஈயம்

பிளாஸ்டிக் பேசினுக்குள் இரும்புத் தட்டு உரசும் ‘கிர்ர்ர்’ சத்தம் கேட்டால் இன்றும் எனக்குப் பல் கூசும். கூடவே கார்த்தியின் முகமும் வந்து தொலைக்கும்.

ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, ‘வாய்டு டெக்’ என்னும் திறந்த தளத்தில், பள்ளி விட்டதும் பேசினை வைத்துப் பம்பரம் விடுவோம். கயிறு சுற்றும் கட்டைப் பம்பரமல்ல. மேலே மோதுவதற்கு ‘வளையம்’, நடுவில் எடைக்குத் ‘தட்டு’, அடியில் ‘முனை’ என்று கழற்றி மாட்டும் கடைப் பம்பரம். முனை தட்டையாக இருந்தால் பேசின் முழுக்கப் பேயாய் அலைந்து மோதிவிட்டுச் சீக்கிரம் களைத்துவிடும், உருண்டையாக இருந்தால் நடுவிலேயே நின்று நெடுநேரம் சுழலும், தட்டின் கனம் ஓரத்தில் இருந்தால் ஆயுள் இன்னும் நீளும். தோற்றவர் ஒரு பாகத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

கார்த்தி என் சித்தப்பா மகன், இரண்டு வயது மூத்தவன், சரியான கள்ளன். ஒரே பள்ளி விடுமுறையில் என் வளையத்தையும் இரண்டு தட்டுகளையும் பிடுங்கிக்கொண்டான். “பொம்பளப் பிள்ளைக்குக் கை பத்தாது லா” என்று இளிப்பு வேறு.

ஒருநாள் அவன் பம்பரம் இறங்கியதுமே குடித்தவன்போலத் தள்ளாடி, நடுவில் நின்ற என் உருண்டை முனைப் பம்பரத்தில் இடித்துச் சாய்ந்தது. சட்டப்படி தட்டைக் கேட்டேன், தர மறுத்தான். பிடுங்கித் திருப்பிப் பார்த்தால், அடியில் ஓரமெங்கும் ஈயம். கடைசியாக வைத்த சொட்டு ஒரு பக்கமாகக் கனத்துப்போனதால்தான் குட்டு உடைந்தது.

“எங்கப்பாதான் வெச்சுக் கொடுத்தாரு, இப்ப என்னாங்கிற?” என்றான். சித்தப்பாவுக்குத் தேக்காவில் நகைப் பட்டறை வேலை.

தட்டோடு வீட்டுக்கு ஓடினேன். அப்பா திருப்பிப் பார்த்தார், அவருக்கும் புரிந்தது. “தம்பிகிட்டப் போயி இதக் கேக்க முடியுமா? விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போறதில்லம்மா” என்று சொல்லி, என் விரல்களைப் பிரித்துத் தட்டை எடுத்து, பின்னாலேயே வந்து நின்ற கார்த்தியிடம் கொடுத்தார். என்னிடமிருந்து போன பாகங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விட்டுக்கொடுத்தவர் அப்பா, கெட்டவள் நான். அதன்பிறகு நான் பம்பரத்தைத் தொடவில்லை.

போன மாதம் ஈசூன் கடைத்தொகுதி ஒன்றில் பம்பரப் போட்டி நடந்தது. நடுவர் ஒவ்வொரு பம்பரத்தையும் பிரித்துப் பார்த்த பிறகே இறக்கவிட்டார். ஒரு சிறுமி, “அங்கிள், செக் அகேன் லா!” என்று எதிராளியைக் காட்டிக் கத்தினாள், அவர் மறுபேச்சின்றி அவனுடையதை மீண்டும் பிரித்தார். காய்கறிப் பையோடு நின்ற எனக்கு அந்தப் பிள்ளைமேல் பொறாமையில் வயிறு எரிந்தது.

எங்கள் வாய்டு டெக்கில் இப்போது பேசினும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. யாரிடமும் சண்டைக்குப் போகாத தங்கமான மனிதர் என்று துக்க வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், கார்த்தியும் சொன்னான். என்றாவது அவரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்: நான் ஜெயித்தேன் என்றாவது அன்றைக்கு நீங்கள் சொல்லியிருக்கக் கூடாதா?