மூன்றாம் கியரில் பிரிஜெட்

"எல்லாம் இறங்குங்க. தூங்கினது போதும்லா," என்று சொல்லிக்கொண்டே பிரிஜெட் மேட்டின் உச்சியில் வேனை நிறுத்துவார். பக்கக் கதவு சறுக்கித் திறக்கும். குருண் பட்டணத்துத் தொழிற்சாலைக்குக் காலை வேலைக்குப் போகும் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, ரப்பர் பால் வடியும் கித்தா மரங்களுக்கு நடுவே வளைந்து விழும் செம்மண் சாலையில் நடப்பார்கள். சரிவின் அடியில் ஒரு மரப்பாலம். கடைசிக் குடையும் பாலத்தைத் தாண்டி ஒதுங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் பிரிஜெட் வெறும் வேனோடு இறங்குவார். இறங்குமுன் வானொலியை அணைத்துவிடுவார். கீழே வந்து சேரும்வரை இடது கை கியர் தடியை விடாது. பாலத்துக்கு அப்பால் நிறுத்தி, "ஏறுங்க, மகாராணிங்களா," என்பார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்துப் பெண்களின் காலை இப்படித்தான் விடிந்தது.

"காசு கொடுத்து வேன் ஏறினது நடக்கிறதுக்கா?" என்று பாப்பம்மா தினமும் கேட்பார். தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுகிற பாப்பம்மாதான் அந்த வேனில் வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர்.

"நடந்தா முட்டி வலி போகும், அக்கா."

"எனக்கு முட்டி வலி வந்ததே உன் வேனாலதாண்டி."

பிரிஜெட்டுக்கு நாற்பதை ஒட்டிய வயது. கைலி, அதன்மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, காலில் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. சேலை ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்கு மட்டும். வண்டி ஓட்டும் பெண் என்று வேடிக்கை பார்க்கிறவர்களை அவர் பொருட்படுத்துவதில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டே சாலையின் குறுக்கே வருகிறவர்களை மட்டும் கண்ணாடியை இறக்கித் திட்டுவார். வேனின் முகப்பில் புனித அந்தோணியார் படம் ஒட்டியிருக்கிறது. கியர் கோளாறை அவரிடம் சொல்லக்கூடாதா என்று ஒருத்தி கேட்டதற்கு, "அவரு காணாமப் போனதத்தான் தேடிக் கொடுப்பாரு. கியர் எங்க காணாமப் போச்சு? இங்கதானே குதிக்குது," என்றார்.

குதித்தது மூன்றாம் கியர். சரிவில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால், தடி தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். பிடிப்பில்லாத வண்டி தன் கனத்தோடு கீழே பாயும். முதன்முறை அது நடந்தபோது வேன் நிறைய ஆட்கள். பிரேக்கை மிதித்து, ஓரத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசவிட்டு நிறுத்தினார் பிரிஜெட். யாருக்கும் கீறல் இல்லை. ஆனால் முன் இருக்கையில் இருந்த பிரேமாவதி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; தலைப்பிள்ளை. மறுநாளிலிருந்துதான் மேட்டில் இறக்கிவிடுவது. அதிலும் நிம்மதி இல்லை. மழையில் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கியது. மாதம் ஏற ஏறப் பிரேமாவதியின் நடை தளர்ந்தது. பாப்பம்மா முணுமுணுத்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போவதை, பிரிஜெட் மேட்டிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தபடி இருப்பார்.

பிரிஜெட்டிடம் ஒரு கேள்வி உண்டு. அவரைத் தெரிந்த யாருக்கும் அது தெரியும். யார் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும், "பாத்ததா, கேட்டதா?" என்பார். பாலம் உடைந்துவிட்டது என்றாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்றாலும் சரி. கேட்டது என்று பதில் வந்தால் தலையை ஆட்டிக் காதில் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். பார்த்தது என்றால்தான் அடுத்த கேள்வி.

குருணில் பட்டறை வைத்திருக்கும் அந்தோணிதாஸ் ஒரு நல்ல செய்தி சொன்னார். அந்த வகை வேன்களின் கியர் பெட்டியில் ஓர் உறுப்பு சரியில்லை என்று தயாரித்த கம்பெனியே ஒப்புக்கொண்டு, வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகப் புதியது பொருத்தித் தருகிறதாம். பிரிஜெட் மெர்கோங்கில் இருந்த கம்பெனியின் விற்பனைக் கூடத்துக்குப் போனார். அங்கே முகப்பு மேசையில் இருந்தவர் வால்டர். கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேலை செய்கிற, சிரித்த முகமுள்ள இளைஞர்.

"அக்கா, இந்த வேனுக்கு வேலை முடிஞ்சிருச்சு. எஸ்டேட் ஆபீஸ் வண்டியா இருந்தப்பவே செஞ்சாச்சு," என்றார் வால்டர். தோட்டத்து நிர்வாகம் தன் பழைய வேன்கள் இரண்டை விற்றபோது, அலுவலக வேனை வாங்கியவர் பிரிஜெட். ஆஸ்பத்திரி வேனை வேறு யாரோ வாங்கிப் போனார்.

சுங்கை பட்டாணிக் கிளையில் கேட்டார். அங்கே ஒருவர் தேநீரைக் கீழே வைக்காமலே, "அந்த வருசத்து வண்டிக்கு இந்த வேலையே தேவையில்ல," என்று சொல்லிவிட்டார். அந்தோணிதாஸோ, "புதுசு போட்டிருந்தா இப்படிக் குதிக்குமா? இந்தப் பெட்டிய யாரும் தொட்டதே இல்ல, அக்கா," என்று அடித்துச் சொன்னார்.

செய்தாகிவிட்டது, செய்யவே தேவையில்லை, செய்யவே இல்லை. வீட்டில் கணவர், "பழைய பெட்டி ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போயேன்," என்றார். "அது எந்த மேட்டுல குதிச்ச பெட்டியோ," என்றார் பிரிஜெட்.

மறுநாள் அந்தோணிதாஸிடமே திரும்பி வந்தார். "தம்பி, யாரும் தொடலன்னு சொன்னீங்களே. பாத்ததா, கேட்டதா?"

அந்தோணிதாஸ் தலையைச் சொறிந்தார். "சத்தத்த வச்சு சொன்னேன், அக்கா."

"அப்ப கேட்டது. தூக்குங்க, பாப்போம்."

வேனை உயர்த்தி இருவரும் அடியில் படுத்தார்கள். கியர் பெட்டிமேல் தடித்திருந்த எண்ணெய் அழுக்கை அந்தோணிதாஸ் துணியால் துடைத்தபோது, ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சைச் சாயம் தெரிந்தது. பிரிஜெட் அந்தத் துணியை வாங்கிக்கொண்டார். பிறகு எட்டி மற்ற உறுப்புகளைத் துடைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் மஞ்சள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புரியும். வண்டிக் கொட்டகைக்குப் பொறுப்பாயிருந்த அம்மாசி, பால்வெட்டு மரங்களுக்கு அடையாளமிடும் சாயத்தில் மிஞ்சியதை எடுத்து வண்டி உறுப்புகளுக்கெல்லாம் பொட்டு வைப்பார். அலுவலக வேனுக்கு மஞ்சள், ஆஸ்பத்திரி வேனுக்குப் பச்சை. பொண்டாட்டிக்குக்கூடப் பொட்டு வைக்க மறந்துவிடுவார், இதற்கு மறக்கமாட்டார் என்று தோட்டமே கேலி செய்யும்.

அம்மாசி இப்போது செர்டாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், கட்டியிருந்த சேலையோடே பிரிஜெட் பஸ் ஏறினார். அம்மாசி வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் வேனுல பச்சப் பொட்டுப் பெட்டி எப்படி வந்துச்சு?"

அம்மாசி கோழியைப் பார்த்தபடியே சிரித்தார். "பாத்துட்டியா?"

அவர் மறைக்கவில்லை. அலுவலக வேன் மெர்கோங் போய்ப் புது உறுப்போடு வந்த வாரத்தில், ஆஸ்பத்திரி வேனின் கியர் குதிக்க ஆரம்பித்ததாம். "அந்த வேனுல யாரு போவா? இடுப்பு வலி கண்டவளும் பாம்பு கடிச்சவனும். ஆபீஸ் வேனுல யாரு போவா? கணக்கெழுதுற கிராணி, பசியாற ரொட்டி வாங்க. நல்ல பெட்டி யாருக்கு வேணும், நீயே சொல்லு. ரெண்டையும் மாத்திப் போட்டேன். கேட்டா ஆபீஸ்ல விடமாட்டானுங்க, அதான் சொல்லல."

பிரிஜெட் கோபிக்க வந்தவர்தான். கோபிக்க இடம் கிடைக்கவில்லை. "இப்ப என் வேனுலயும் ஒரு பிள்ளத்தாய்ச்சி இருக்கா, அண்ணே. சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க," என்றார்.

அடுத்த நாள் அம்மாசியோடு மெர்கோங்கில் நின்றார். வால்டர் அதே சிரிப்போடு, "ஒரு வேனுக்கு ஒரு தடவதான், அக்கா," என்று ஆரம்பித்தார்.

"வேன விடுங்க, தம்பி. உள்ள இருக்கிற பெட்டிக்கு ஆச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"பாத்ததா, கேட்டதா?"

வால்டர் மேசையிலிருந்து எழுந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பின்கட்டில் வேனுக்கு அடியில் தானே நுழைந்தார். வெளியே வந்தபோது முழங்கையில் எண்ணெய், கழுத்துப்பட்டை நுனியிலும் எண்ணெய். பெட்டியில் பொறித்திருந்த எண், பதிவேட்டில் பார்த்தால், ஆஸ்பத்திரி வேனுடையது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்பத்தான் புரியுது, அக்கா. அந்த வேன வாங்கினவரு போன மாசம் வந்து சண்ட போட்டுட்டுப் போனாரு. என் காடி நல்லா ஓடுது, எதுக்குச் சும்மா கூப்பிடுறீங்கன்னு."

"அவரு பாத்துத்தான் சொல்லியிருக்காரு," என்றார் பிரிஜெட்.

மேலதிகாரியிடம் போய் வால்டரே பேசினார். பச்சைப் பொட்டுப் பெட்டிக்கு இன்னும் முறை வரவில்லை என்பது ஒத்துக்கொள்ளப்பட்டது. வேன் அங்கேயே நின்றது. புது உறுப்பு பொருத்தி முடித்தபோது, அம்மாசி எங்கிருந்தோ மஞ்சள் சாயம் கேட்டு வாங்கி, பச்சைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். இல்லாவிட்டால் தூக்கம் வராதாம்.

மறுநாள் விடியலில், பெண்கள் வருமுன்பே பிரிஜெட் தனியாக வேனை எடுத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். லயத்து வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த பாப்பம்மா, "இவளுக்கு என்னமோ ஆயிருச்சு," என்றார்.

பிறகு எல்லோரும் ஏறினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மேட்டின் உச்சிக்கு வந்ததும் பழக்கத்தில் பெண்கள் எழுந்து குடைகளைத் தேடினார்கள். முன் இருக்கையில் பிரேமாவதி கதவின் கைப்பிடியில் கையை வைத்தாள். வேன் நிற்கவில்லை.

"அடியே, நாங்க இறங்கலடி!" என்று கத்தினார் பாப்பம்மா.

"உக்காருங்கக்கா."

"கியரு சரியாயிருச்சா? யாரு சொன்னா?"

பிரிஜெட் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தார். மூன்றாம் கியரில் வேன் உறுமிக்கொண்டு சரிவில் இறங்கியது. பாதி வழியில், பாலம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய இடத்தில், அவர் கியர் தடியிலிருந்து இடது கையை எடுத்து, நிதானமாக நீட்டி, வானொலியைப் போட்டார்.